சிறுமலை அடிவாரச் சரிவு நிலங்களில் வரப்பு போட விவசாயிகளை இணங்க வைப்பது எப்படி?

ஓடைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வாடிப்பட்டி வட்டத்தில், சிறுமலையின் தெற்குச் சரிவை ஒட்டிய ஒரு சிற்றூரில், மண் அரிப்பைத் தடுப்பது, மழைநீரை நிலத்திலேயே நிறுத்துவது ஆகிய பணிகளுக்கான களப்பணியாளராக இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். அங்குள்ளவர்கள் என்னிடம் தனிப்பட்ட முறையில் சொன்னவற்றை இங்கே பேசப்போவதால், ஊரின் பெயரைக் குறிப்பிடாமல் விடுகிறேன்.

மலையடிவாரத்தில் நாற்பது குடும்பங்களுக்கு நிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மானாவாரி. மேட்டில் மா, அதற்குக் கீழே நிலக்கடலை, சோளம், துவரை, கொள்ளு, ஓடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் கிணறு உள்ளவர்கள் வைத்திருக்கும் கொஞ்சம் தென்னையும் மல்லிகையும் என்று நிலம் படிப்படியாக இறங்கி வருகிறது. செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி என்பதால் மேல்மண் ஒரு முழம்கூட இராது. ஐப்பசியில் ஒரு மணி நேரம் வலுத்துப் பெய்தாலே ஓடை செந்நிறமாக ஓடுகிறது.

சென்ற ஆண்டு அப்படியொரு மழை விட்ட அரை மணி நேரத்தில், ஒரு பெரியவரின் கடலைக் காட்டில் நின்றிருந்தேன். காட்டின் தலைப்பில் விரல் கனத்தில் தொடங்கிய நீர்த்தாரை கீழ்முனையை அடையும்போது முழங்கால் ஆழத்துக்கு மண்ணை அறுத்திருந்தது. விதைத்துப் பத்து நாளான கடலை, முளையும் வேருமாக, அந்தப் பள்ளத்தின் முடிவில் குவிந்து கிடந்தது. பெரியவர் எதுவும் பேசாமல் குனிந்து, அவற்றைத் தம் துண்டில் அள்ளிக்கொண்டிருந்தார். இதைக் கண்ணால் பார்க்கிற மனிதர், சரிவுக்குக் குறுக்கே ஒரு வரப்பு போடுங்கள் என்றால் ஏன் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுகிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இதுவரை இரண்டு பயிற்சிக் கூட்டங்கள் நடத்தினோம். படங்கள் காட்டினோம். ஊருக்கு நடுவே ஒரு செயல்விளக்கத் திடல் அமைத்து, கல் வரப்பும், சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் செல்லும் சம உயர அகழியும் வெட்டிக் காட்டினோம். நாற்பது பேரில் மூவர் மட்டுமே தங்கள் நிலத்தில் ஏதோ ஓர் அளவுக்குச் செய்தார்கள். மற்றவர்கள் சொல்லும் காரணங்கள் ஏறத்தாழ ஒன்றே. வரப்பு நிலத்தைத் தின்றுவிடும் என்கிறார்கள். முன்பு ஒரு திட்டத்தில் போட்ட வரப்பு முதல் மழையிலேயே உடைந்து, முன்னைவிடப் பெரிய பள்ளமாகிவிட்டது என்கிறார்கள். மேல்காட்டுக்காரர் போடாதபோது நான் மட்டும் போட்டு என்ன பயன் என்று கேட்கிறார்கள். குத்தகைக்கு உழுகிறவர்களோ, அடுத்த ஆண்டு இந்தக் காடு யார் கையில் இருக்கும் என்பதே தெரியாது என்கிறார்கள்.

மானியத்தைக் கூட்டிக் கொடுத்தால் எல்லாரும் செய்துவிடுவார்கள் என்று எனக்கு மேல் உள்ளவர்கள் கருதுகிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. சரிவு நிலத்தில் உழுதவர்களும், இந்த வேலையை நேரில் செய்து பார்த்தவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மாந்தோப்பு எழுதியது:

தங்கைக்கு வணக்கம். எனக்கு நத்தம் பக்கம். மலையடிவாரத்தில் நான்கு ஏக்கர் மா இருக்கிறது. கல்லாமை, செந்தூரம், கொஞ்சம் காசா லட்டு. நீங்கள் எழுதியிருக்கும் பெரியவரைப் போலவே நானும் பல ஆண்டுகள் தலையை அசைத்துவிட்டுப் போனவன் என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

என் தகப்பனார் காலத்தில் ஒரு திட்டத்தின் கீழ் எங்கள் தோப்பில் இயந்திரம் வைத்து வரப்பு போட்டார்கள். மார்ச் மாதத்துக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்காமல், சர்வே கல்லிலிருந்து சர்வே கல்லுக்கு நேர்கோடாக மண்ணைக் குவித்துவிட்டுப் போனார்கள். அந்த ஆண்டு ஐப்பசியில், வரப்பில் தேங்கிய தண்ணீர் முழுவதும் தாழ்ந்த மூலைக்கு ஓடி, அங்கே உடைத்துக்கொண்டு, காய்ப்பில் இருந்த இரண்டு மரங்களை வேரோடு சாய்த்தது. வரப்பு இல்லாத காலத்தில் அந்தத் தண்ணீர் தோப்பு முழுவதும் பரவி இறங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரே இடத்தில் திரட்டி, மரத்தின் காலில் விட்டதே அந்த வரப்புதான். இன்று உங்கள் ஊரில் ஒருவர் வரப்பு வேண்டாம் என்றால், அவர் விவரம் தெரியாமல் சொல்கிறார் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். அவர் கண்டதைச் சொல்கிறார். அதற்கு முதலில் ஆமாம் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சைத் தொடங்க வேண்டும்.

என் மனம் மாறியது எந்தக் கூட்டத்தினாலும் அல்ல. எங்கள் தோப்பை ஒட்டி என் மைத்துனரின் தோப்பு. அவர் ஒவ்வொரு மரத்துக்கும் பள்ளப் பக்கமாக, தூரிலிருந்து ஆறேழு அடி தள்ளி, பிறை வடிவில் ஓர் அடி உயரத்துக்கு மண்ணை அணைத்து, உள்பக்கம் சருகைப் பரப்பி வைத்திருந்தார். தை மாதம் ஒரு நாள் பேசிக்கொண்டே நடந்தபோது, அவர் தோப்பில் பிறைக்கு உள்ளே கடப்பாரையை ஓங்கிக் குத்தினேன். ஒரு சாண் இறங்கியது. இழுத்துப் பார்த்தால் நுனியில் ஈரமண் ஒட்டியிருந்தது. வரப்பைத் தாண்டி என் தோப்புக்கு வந்து அதே கையால் குத்தினேன், கல்லில் பட்டதுபோல ஓசைதான் வந்தது. அவருக்குப் பெய்த மழைதான் எனக்கும் பெய்தது. அந்த ஆண்டு பங்குனி வெயிலில் என் மரங்களிலிருந்து பிஞ்சு கொட்டிய அளவுக்கு அவர் மரங்களிலிருந்து கொட்டவில்லை. அடுத்த கோடைமழை பெய்து மண் இளகியதும், நானும் என் மனைவியுமாக ஒரு நாளைக்கு ஏழெட்டு மரம் என்ற கணக்கில் பிறை அணைக்கத் தொடங்கினோம்.

ஆகையால், உங்கள் ஊரில் மா வைத்திருப்பவர்களிடம் பிறை அணைப்பிலிருந்து தொடங்குங்கள். அது நிலத்தைத் தின்னாது, ஒரு மரத்துக்குச் செய்தாலும் பலன் தெரியும், உடைந்தால் ஒரு மண்வெட்டி மண்ணில் சரியாகிவிடும், மேல்காட்டுக்காரரின் சம்மதமும் தேவைப்படாது. முக்கியமாக, போட்ட மழைக்காலத்திலேயே கடப்பாரை முனையில் பலனைக் காட்டும். மண் வளம் பத்தாண்டுகளில் கூடும் என்பது உண்மைதான். ஆனால் பத்தாண்டுக் கணக்கைச் சொல்லி, நகைக்கடன் வட்டி கட்டுகிறவரை இணங்க வைக்க முடியாது.

இன்னொன்று. உங்கள் பயிற்சிக் கூட்டங்கள் எந்த மாதத்தில் நடந்தன என்று நீங்கள் எழுதவில்லை. ஆவணி, புரட்டாசியில் விதைப்புக்கு ஆள் தேடி அலைகிற நேரத்தில் கூட்டம் போட்டால், வருகிறவர் உடலால் மட்டுமே வந்திருப்பார். அறுப்பு முடிந்து, தைக்குப் பிறகு கோடை உழவு வரைக்கும் உள்ள இடைவெளிதான் எங்களுக்கு இந்த வேலைக்கான காலம்.

தூக்குக்குண்டு எழுதியது:

நத்தத்து நண்பர் சொன்னது முற்றிலும் சரி. நான் மண் பாதுகாப்புப் பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் தகப்பனாரின் தோப்பில் நடந்தது போன்ற வேலைகளை நானும் மேற்பார்வையிட்டிருக்கிறேன், அதை இன்று வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். அளவுப் புத்தகத்தில் எத்தனை கன மீட்டர் மண் என்று எழுத இடம் இருந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறும் என்று எழுத இடம் இல்லை.

வரப்பு நிலத்தைத் தின்னும் என்ற பேச்சைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 அடிக்கு 6 அடி இறங்கும் சரிவில், நாங்கள் பயன்படுத்தும் சூத்திரத்தின்படி, இரண்டு வரப்புகளுக்கு இடையே 1.2 மீட்டர் செங்குத்து இறக்கம் இருக்கலாம். அதாவது 20 மீட்டருக்கு ஒரு வரப்பு. வரப்பின் அடி அகலம் ஒன்றரை மீட்டர் என்றால், ஓர் ஏக்கரில் ஏழரை சென்ட் வரப்புக்கே போய்விடுகிறது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்குப் பதினைந்து சென்ட் என்பது சிறிய இழப்பு அல்ல. அவர் சொல்வது கணக்குப்படி உண்மை. ஆகவே, நிலம் போகாது என்று அவரிடம் வாதிடாமல், அந்த ஏழரை சென்ட்டில் என்ன விளையும் என்று பேசுங்கள். வரப்பின் மேல் துவரையும் ஆமணக்கும் நன்றாக வரும். வரப்பின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் மேட்டுப் பக்கத்தில்தான் ஈரம் அதிகம் நிற்கும், அங்கே அகத்தி வைக்கலாம். மண் வரப்புக்குப் பதிலாக, இரண்டு சால் அகலத்தில் வெட்டிவேரையோ கொழுக்கட்டைப் புல்லையோ சம உயரக் கோட்டில் நெருக்கமாக நட்டால், போகும் இடமும் குறைவு. அடித்து வரும் மண்ணைப் புல்லே வடிகட்டி, சில ஆண்டுகளில் தானாக ஒரு மேடையை உண்டாக்கிவிடும்.

எல்லாச் சரிவுக்கும் மண் வரப்பு பொருந்தாது என்பதையும் களப்பணியாளர் மனத்தில் வைக்க வேண்டும். 100 அடிக்கு 6 அடி இறக்கம் வரைக்கும்தான் அது தாங்கும். அதற்கு மேல் விட்டுவிட்டு வெட்டும் அகழிகளும், கிடைக்கிற கல்லை அடுக்கிய கல் வரப்பும் ஏற்றவை. நீலகிரியில் காண்பது போன்ற படிக்கட்டு நிலங்கள் 16 முதல் 33 அடி இறக்கம் உள்ள சரிவுகளுக்கு உரியவை. அதையும் தாண்டிய செங்குத்தில் உழவே கூடாது, மரமும் புல்லும் மட்டுமே இருக்க வேண்டும்.

வரப்பு உடைவதற்கு நான் கண்ட காரணங்களில் முதன்மையானது மட்டம் தவறுவது, அடுத்தது மிகுதி நீர் வெளியேற வழி வைக்காதது. கண்மாய்க்குக் கலுங்கு இருப்பதுபோல ஒவ்வொரு வரப்புக்கும் கல் பாவிய ஒரு சிறு கலுங்கு வேண்டும். கலுங்கு இல்லாத கண்மாய் நிற்குமா என்று கேட்டால், மதுரைப் பக்கத்து விவசாயி எவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மட்டம் பார்ப்பதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். கருவியோடு நாங்கள் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனால், அது எங்கள் கோடு. உடைந்தாலும் எங்கள் வரப்புதான் உடைந்தது. இரண்டு கம்புகளைக் கூரை முகடு போல உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவே குறுக்குக் கம்பு ஒன்றைப் பிணைத்து, உச்சியிலிருந்து நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். கொத்தனாரின் குண்டு கிடைக்காவிட்டால் ஒரு கல் போதும். சட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தி, நூல் குறுக்குக் கம்பில் படும் இடத்தைக் குறியுங்கள். இரண்டு கால்களையும் இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். பிறகு ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை நூல் நடுப்புள்ளிக்கு வரும்வரை நகர்த்தி, அங்கே ஒரு முளை அடித்து, இப்படியே காட்டைக் குறுக்காகக் கடந்து செல்லலாம். இதை விவசாயியின் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் முளைகளை மட்டும் எடுத்துக்கொடுங்கள். இருபதாவது முளையில் அவர் திரும்பிப் பார்க்கும்போது, தாம் நேர்கோடு என்று நினைத்திருந்த காடு பாம்பு போல வளைந்து கிடப்பதைக் காண்பார். தண்ணீர் ஏன் அந்த மூலையில் உடைக்கிறது என்பதற்கான விடையும் அந்தக் கோட்டிலேயே இருக்கும்.

ஒரே ஒரு கணக்கை மட்டும் சொல்லிப் பாருங்கள். ஓர் ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கொண்டுவந்து ஊற்றினால் 17 லாரிகள். கோடையில் மாங்கன்றுக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியவர்களுக்கு அந்தப் 17 என்ற எண் உடனே உறைக்கும்.

மானியத்தைப் பொறுத்தவரை, கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 1995 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் நீர்வடிப்பகுதி (வாட்டர்ஷெட்) திட்ட நெறிமுறைகள், பயனாளியின் பங்களிப்பை வலியுறுத்தியது சரியான எண்ணத்தில்தான். ஆனால் அந்தப் பங்களிப்பைக் கூலியிலேயே கழித்து ஏட்டில் வரவு வைத்த இடங்களில், விவசாயிக்குத் தாம் எதையும் கொடுத்ததாகவே தெரியவில்லை. பணம் எங்கே போக வேண்டும் என்றால், கல் கொண்டுவருவதற்கும் கலுங்கு கட்டுவதற்கும் போகட்டும். மண்ணை வெட்டும் கை அவருடையதாக இருக்கட்டும்.

மாந்தோப்பு எழுதியது:

ஐயா சொன்ன கடைசிச் செய்தியில் மட்டும் எனக்குச் சிறிது மாற்றுக் கருத்து உண்டு. மண்ணை வெட்டும் கை விவசாயியுடையதாக இருக்க வேண்டும் என்பது, வீட்டில் வேலை செய்யக்கூடிய இரண்டு பேர் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்குப் பொருந்தும். கணவரை இழந்தவர்கள், முதியவர்கள், கூலிக்குப் போனால்தான் அன்றைக்கு உலை வைக்க முடியும் என்ற நிலையில் உள்ளவர்கள் என்று ஊரில் பாதிப்பேர் இருப்பார்கள். அவர்கள் தங்கள் காட்டில் ஒரு நாள் மண் வெட்டினால், அது ஒரு நாள் கூலி இழப்பு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த 100 நாள் வேலையில் சிறு, குறு விவசாயிகளின் சொந்த நிலத்திலும் வரப்பும் அகழியும் வெட்ட இடம் தரப்பட்டது. அந்தக் கூலி வந்ததனால் எங்கள் ஊரில் சில காடுகள் பிழைத்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆட்டுக்கொட்டில் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் உசிலம்பட்டிக்கு மேற்கே, எழுமலைப் பக்கத்தைச் சேர்ந்தவள். மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன், ஒன்பது ஆடுகள் வளர்க்கிறேன். இதுவரை எழுதிய அண்ணன்களும் ஐயாவும் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

களப்பணியாளர் தங்கை கூட்டத்துக்கு யாரை அழைத்தீர்கள்? பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்களைத்தான் அழைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் பட்டாவில் பெயர் உள்ள ஆண்களில் பலர் திருப்பூரிலோ கேரளத்திலோ வேலையில் இருக்கிறார்கள், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருகிறார்கள். காட்டில் கல் பொறுக்குவதும், களை எடுப்பதும், உடைந்த வரப்பில் மண் அணைப்பதும் நாங்கள்தான். எங்களை அழைக்காமல் எடுத்த முடிவு எங்கள் தலையில் கல்லாக வந்து ஏறும்போது, அதை நாங்கள் ஆசையோடு செய்வோம் என்று எதிர்பார்க்கக் கூடாது.

எங்களை வரப்பின் பக்கம் இழுத்தது மண்ணும் அல்ல, தண்ணீரும் அல்ல, தீவனம்தான். கோடையில் ஆட்டுக்குத் தழை ஒடிக்க மலைச்சரிவில் இரண்டு மைல் ஏறி இறங்க வேண்டியிருந்தது. வரப்பில் கொழுக்கட்டைப் புல்லும், ஓரத்தில் கிளைரிசிடியாவும் அகத்தியும் வைத்தால் காட்டிலேயே அறுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்ன பிறகுதான், எங்கள் குழுவில் பதினோரு பேர் ஒரே கோடையில் வரப்பு போட்டோம். முதல் ஆண்டு புல் வேர் பிடிக்கும்வரை ஆட்டை விடக்கூடாது என்று எங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். அந்தக் கட்டுப்பாடு மிகவும் கடினமாக இருந்தது. நிலம் இல்லாமல் ஆடு மட்டும் வைத்திருந்த இரண்டு குடும்பங்களுக்கு அந்த ஆண்டு மேய்ச்சலுக்கு இடம் குறைந்தது. அவர்களுக்கு எங்கள் வரப்புப் புல்லில் பங்கு உண்டு என்று பேசிய பிறகே அவர்களும் உடன்பட்டார்கள்.

வேலைக்கு ஆள் இல்லாத குறையை நாங்கள் தீர்த்துக்கொண்ட விதத்தையும் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மொய் எப்படி நடக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்று நான் உங்கள் வீட்டு விசேஷத்துக்குச் செய்தால், நாளை என் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும், எல்லாம் நோட்டில் இருக்கும். அதே போல ஒரு நோட்டுப் போட்டோம். யார் காட்டில், எந்தத் தேதியில், யார் யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று எழுதினோம். பணம் கைமாறவில்லை. மொய் நோட்டில் பெயர் ஏறிய பிறகு திருப்பிச் செய்யாமல் இருப்பது எங்கள் ஊரில் யாராலும் முடியாத காரியம். அண்ணன் சொன்ன கணவரை இழந்த அக்கா ஒருவரும் எங்கள் குழுவில் இருந்தார். மண்வெட்டி பிடிக்க அவருக்கு உடம்பு இடம் கொடுக்காததால், வேலை நடந்த எல்லா நாளும் அவர் எங்கள் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார், அதையும் முழு நாளாகவே நோட்டில் எழுதினோம்.

குத்தகைக் காடு பற்றி ஒரு வரி. ஓராண்டுக் குத்தகையில் யாரும் வரப்பு போடமாட்டார்கள். நிலத்துக்காரரிடம் பேசி, வரப்பு போடுகிறவருக்கு ஐந்தாண்டு உழவு உறுதி என்று எழுதி வாங்கிக்கொடுங்கள். எங்கள் ஊரில் ஒருவர் எழுதிக் கொடுத்தார், மற்றொருவர் மறுத்துவிட்டார்.

கண்மாய்ப்பாசனம் எழுதியது:

நான் பள்ளத்தில் இருப்பவன். சிறுமலை ஓடைகளின் தண்ணீர் பாலமேட்டுக்கு அருகே உள்ள சாத்தையாறு அணைக்கு வந்து, அங்கிருந்துதான் எங்கள் பக்கத்துக் கண்மாய்களுக்கு வருகிறது. அணையிலும் கண்மாயிலும் மண் மேடிட்டுவிட்டது என்று நாங்கள் பேசாத ஆண்டு இல்லை. கோடையில் அதே கண்மாய் வண்டலை டிராக்டரில் அள்ளி வயலில் கொட்டுகிறோம். ஓர் ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மண் அடித்துப் போனால், அது ஏறக்குறைய 5 டன். மேலே இருப்பவர் இழந்த மேல்மண்தான் எங்கள் கண்மாயைத் தூர்க்கிறது. அப்படியிருக்க, அதைத் தடுக்கும் செலவு முழுவதும் மேலே இருப்பவர் தலையிலேயே ஏன் விழ வேண்டும்?

ஹரியானாவில் சண்டிகருக்கு அருகே சுகோமாஜ்ரி என்ற ஊரில் 1970களில் நடந்தது இதற்குப் பொருத்தமானது. சண்டிகரின் சுக்னா ஏரி வேகமாகத் தூர்ந்துவருவதற்குக் காரணம் தேடிப் போனவர்கள், ஊரார் ஆடுமாடு மேய்த்த மலைச்சரிவிலிருந்துதான் மண் வருகிறது என்று கண்டார்கள். மேய்க்காதே என்று சொல்லிப் பயன் இல்லை. மலையடியில் சிறு மண் அணை கட்டி, அந்தத் தண்ணீர் ஊராரின் பயிருக்கே கிடைத்த பிறகு, சரிவில் மேய்ப்பதை ஊராரே கட்டுப்படுத்திக்கொண்டார்கள். நிலம் இல்லாத குடும்பத்துக்கும் தண்ணீரில் சம பங்கு என்று வைத்ததுதான் அதில் நான் மிகவும் மதிக்கும் அம்சம். மேலே உழுபவருக்கும் கீழே வாழ்பவருக்கும் ஒரே ஓடையில் பங்கு இருக்கிறது என்பதை எங்கள் பாசனக்காரர்களின் கூட்டத்தில் பேசப்போகிறேன். கல் ஏற்றிவர எங்களிடம் டிராக்டர்கள் இருக்கின்றன. மேலே இருப்பவர்கள் கேட்டால், சில நடைகள் அனுப்ப எங்களில் சிலராவது சம்மதிப்பார்கள்.

ஓடைக்கரை எழுதியது:

நீண்ட நாள்களுக்குப் பிறகு வருகிறேன். இங்கே கேட்டது தை மாதம். இப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. நடந்ததை எழுத வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

எங்கள் கூட்டங்கள் இரண்டும் புரட்டாசியில்தான் நடந்திருந்தன. அழைப்பிதழ்களும் பட்டாதாரர் பட்டியலைப் பார்த்து எழுதியவைதான். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். நாற்பது குடும்பங்களையும் ஒன்றாக இணங்க வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, ஒரே ஓடைக்குத் தண்ணீர் இறக்கும் ஏழு காடுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். மாசியில் அந்த ஏழு வீடுகளுக்கும் மாலை நேரத்தில் போய், திண்ணையில் உட்கார்ந்து, உங்கள் காட்டில் தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று மட்டும் கேட்டேன். ஆண்களைவிடப் பெண்கள் இதைத் துல்லியமாகச் சொன்னார்கள். ஒரு அம்மா தரையில் விளக்குமாற்றுக் குச்சியால் ஓடைகளைக் கீறிக் காட்டினார். நாங்கள் செயற்கைக்கோள் படத்தில் குறித்திருந்ததில் விடுபட்டுப்போன ஒரு கிளை அதில் இருந்தது.

மாந்தோப்பு உள்ள இரு வீட்டாரும் பிறை அணைப்பதில் தொடங்கினார்கள். வைகாசியில் கோடைமழைக்குப் பிறகு தூக்குக்குண்டுச் சட்டத்தை மற்றவர்களிடம் கொடுத்தேன். துண்டில் கடலையை அள்ளிய அந்தப் பெரியவர்தான் அதை முதலில் கையில் எடுத்தார். ஐயா எழுதியது போலவே, பாதிக் காட்டில் நின்று திரும்பிப் பார்த்தார். முன்பு உடைந்த வரப்பு இருந்த இடத்தில், முளைகள் அந்த வரப்பை ஓர் ஆள் உயரத்துக்கு மேலும் கீழுமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு சென்றன. அவர் நெடுநேரம் அங்கேயே நின்றார். பிறகு, கலுங்கை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்கவில்லை, அவரே பாறை தெரிகிற ஓர் இடத்தைக் காட்டி, இங்கேதான் என்றார்.

மொய் நோட்டைப் பெரியவரின் மருமகள் எழுதுகிறார். பள்ளத்துக் கண்மாய்க்காரர்கள் சொன்னபடி மூன்று நடை கல் அனுப்பினார்கள், அவர்களுக்கு என் நன்றி. ஏழு காடுகளில் ஐந்தில் வேலை நடந்தது. ஆறாவது கூட்டுப்பட்டா, அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு முடியவில்லை. ஏழாவது குத்தகைக் காடு. நிலத்துக்காரர் மதுரையில் இருக்கிறார், ஐந்தாண்டுக்கு எழுதித் தர மறுத்துவிட்டார். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

ஐப்பசி மழையில் இரண்டாவது வரப்பு ஓரிடத்தில் உடைந்தது. செய்தி கேட்டு மறுநாள் காலை பதற்றத்தோடு போனேன். அங்கே நான்கு பேர் ஏற்கெனவே மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள். எலி வளையால் உடைந்தது என்று காட்டினார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, யாரும் என்னைக் கேட்டுக் காத்திருக்கவும் இல்லை. பெரியவரின் காட்டில் கீழ்முனைப் பள்ளம் முழுவதும் மூடிவிடவில்லை. ஆனால் கடலை விதைத்த இடத்திலேயே நிற்கிறது, வரப்பின் உள்வாயில் அடித்து வந்த மண் நான்கு விரல் கனத்துக்குப் படிந்திருக்கிறது.

கிழக்கே உள்ள அடுத்த ஓடைக்காரர்கள் இருவர் சென்ற வாரம் வந்து தூக்குக்குண்டுச் சட்டத்தை இரவல் கேட்டார்கள். அது இப்போது பெரியவர் வீட்டு உத்தரத்தில் மாட்டியிருக்கிறது, தை பிறந்ததும் தாமே கொண்டுவந்து காட்டித்தருவதாக அவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஆட்டுக்கொட்டில் அக்காவுக்கு ஒரு வேண்டுகோள்: அதற்குள் உங்கள் குழுவிடமிருந்து கொழுக்கட்டைப் புல் விதை கொஞ்சம் கிடைக்குமா? எழுமலைக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.